வாசலில் நின்ற வேனும் நாம் சொன்ன பதிலும்

ஒரு சாரல் காலத்துச் சனிக்கிழமை. ராஜபாளையத்தில் நம் மளிகை மொத்தக் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து குற்றாலத்துக்குப் போகிற குடும்பம். பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் ஐந்தாறு. மொத்தக் கடையில் சில்லறை கொடுப்பதில்லை என்றாலும், பிள்ளைகள் தாகத்தோடு நிற்கிறார்களே என்று தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தோம். காசு கொடுத்த இளைஞர், "ஐயா, இந்த ஊரில் பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நாம் சிட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இங்கே என்ன தம்பி இருக்கு? மில்லு இருக்கு, மார்க்கெட் இருக்கு. ஒண்ணரை மணி நேரத்துல குற்றாலம் போயிரலாம், போங்க" என்றோம். அவர்களும் போய்விட்டார்கள்.

வேன் நகர்ந்த பிறகு நம் கணக்கப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார். "என்ன முதலாளி, அந்தப் பக்கம் ஆண்டாள் கோயில், இந்தப் பக்கம் அய்யனார் கோயில் அருவி. ரெண்டும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒண்ணுமில்லேன்னு சொல்லி அனுப்பிட்டீங்களே" என்றார். நமக்குப் பதில் வரவில்லை. நாற்பது வருடமாக இதே தெருவில் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறோம். எந்த ஊர் மிளகாய் எந்த மாதம் வரும், எந்த மண்டியில் துவரை என்ன விலை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். சொந்த ஊரைப் பற்றிக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறோம். நம் வணிகப் பெருமக்களில் நம்மைப் போன்றவர்கள் இன்னும் பலர் உண்டு என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறோம்.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. இதுநாள் வரை மதுரையிலிருந்து குற்றாலத்துக்கும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கும் போகிற வண்டிகள் ஸ்ரீவில்லிபுத்தூர் தெருவையும் ராஜபாளையம் கடைவீதியையும் தாண்டித்தான் போயாக வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஒருவர் டீ குடிப்பார், ஒருவர் பால்கோவா வாங்குவார், ஒருவர் மாலையும் கற்பூரமும் வாங்குவார். நாம் கூப்பிட்டு அவர்கள் வந்ததில்லை. சாலை அவர்களைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்தியது. திருமங்கலம் – ராஜபாளையம் நான்குவழிச்சாலையின் பாதையோ ஊர்களை விட்டு விலகி, வயல்களின் ஊடே போகிறது. லாரிக்கு அது நல்லது. நம் சரக்கும் சீக்கிரம் வந்து சேரும், அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தச் சாலையில் ஏறிய வேன் ஊருக்குள் இறங்க வேண்டுமென்றால், இறங்குவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இப்படி வழி மாறிப்போன வியாபார ஊர்கள் உலகத்தில் பல உண்டு. நம் பேரன் துருக்கி நாட்டைப் பற்றிய புத்தகம் ஒன்றை வாசிக்கத் தந்தான். அதில் சஃப்ரான்போலு என்று ஓர் ஊர். பெயரிலேயே குங்குமப்பூ இருக்கிறது. அந்நாட்டின் வடக்கே, கருங்கடலுக்குத் தெற்கிலுள்ள மலைக்காட்டுப் பகுதியில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு முதல் கிழக்குக்கும் மேற்குக்கும் சரக்குக் கொண்டுபோகும் வணிகக் கூட்டங்கள் தங்கிச் செல்கிற இடமாக அது இருந்திருக்கிறது. மூட்டைகளை இறக்கி வைத்து வியாபாரிகள் தங்குவதற்கென்று 1645இல் கட்டிய கல் சத்திரம் இன்றும் அங்கே நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் காலம் வந்ததும் அந்த வணிகப் பாதை ஓய்ந்துபோயிற்று. 1930களில் பக்கத்து ஊரான கராபுக்குக்கு ரயில் வந்தது, பின்னாலேயே பெரிய இரும்பு உருக்காலையும் வந்தது. பழைய ஊரின் கடைவீதி வெறிச்சோடியது.

நம்மைக் கவர்ந்தது அதன் பிறகு நடந்தது. அந்த ஊரார் பழைய மர வீடுகளை இடிக்காமல் காப்பாற்றி வைத்தார்கள். 1994இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வியாபாரிகள் மூட்டை இறக்கிய சத்திரம் இப்போது தங்கும் விடுதி. செருப்புத் தைக்கிறவர்களின் கடை வரிசையைப் பயணிகள் சுற்றிப் பார்க்கிறார்கள். ஊருக்குப் போகும்போது 'லோக்கும்' என்ற மிட்டாயை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டி, வில்லை வில்லையாக வெட்டியது. கிட்டத்தட்ட நம் அல்வாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

படித்து முடித்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. பழைய ஊர் ஒன்று, சிறிது தூரத்தில் ஆலை ஊர் ஒன்று, பின்னால் மலை, விற்பதற்கு ஓர் இனிப்பு. துருக்கி வரை போக வேண்டுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக்கொள்வோம். வில்லி, கண்டன் என்று வேடர் குலத்துச் சகோதரர் இருவர் இருந்ததாகவும், கண்டனைப் புலி கொன்றுவிட, வில்லி கனவில் பெருமாள் உத்தரவு பெற்றுக் காட்டைத் திருத்தி ஊரையும் கோயிலையும் எழுப்பியதாகவும் தலபுராணம் சொல்கிறது. வில்லியின் புத்தூர், வில்லிபுத்தூர். ஆழ்வார்கள் பன்னிருவரில் பெரியாழ்வார், ஆண்டாள் என்று இருவர் பிறந்த ஊர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஆண்டாள் சந்நிதியில் தரிசனம் செய்துவிட்டு, வாசலில் பால்கோவா வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்த வளாகத்தில் இரண்டு கோயில்கள் உண்டு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். 192 அடி உயரத்தில் 11 நிலைகளோடு நிற்கிற ராஜகோபுரம் வடபத்ரசாயி கோயிலுடையது. பாண்டிய மன்னன் சபையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் எழுப்பியது என்பது ஐதீகம். உள்ளே பள்ளிகொண்ட பெருமாள். அங்குள்ள மரவேலைப்பாட்டை அண்ணாந்து பார்க்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். இரண்டு கோயில்களுக்கும் நடுவே பெரியாழ்வார் துளசிச் செடியின் அடியில் குழந்தை ஆண்டாளைக் கண்டெடுத்த நந்தவனம் இருக்கிறது. ஆண்டாள் மாலையைச் சூடி அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கிணற்றைக் காட்டினால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

கோபுரத்தைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமே என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்கிற சேதி. அதை 1949இல் வரைந்த ஓவியர் கிருஷ்ணா ராவ் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நாம் பஞ்சாயத்துப் பண்ணப் போவதில்லை. வருகிறவரிடம் இரண்டையும் சொல்லிவிட்டு, பையில் இருக்கும் அரசாங்கக் காகிதத்தை எடுத்துக் கோபுரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். அரை மணி நேரம் அங்கேயே நிற்பார்கள். அரை மணி நேரம் நிற்கிறவர் எதிர்க் கடையில் ஒரு காப்பியாவது குடிப்பார்!

ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குத் திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் மதுரைக்குப் போகிறது, அந்த மாலையை அணிந்துதான் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி, மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. அதற்கென்றே வழிவழியாக வரும் குடும்பத்தார் இருக்கிறார்கள். நேற்று கட்டிய கிளியை இன்று வைப்பதில்லை. பழைய சரக்கைப் புதுச் சரக்கோடு கலந்து விற்கிற பழக்கமுள்ள நம்மவர்கள் சிலர் இந்தக் கிளியை ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

ஆடிப்பூரத் தேரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்குக் கூட்டம் தானாக வரும். மற்ற நாட்களில் என்ன என்பதுதான் கேள்வி. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கருக்கு இந்த ஊரில் ஓர் அரண்மனை உண்டு, நீண்ட காலம் அதில் நீதிமன்றம் நடந்தது. வழக்குக்காக அங்கே போய் நின்ற வியாபாரிகளுக்கு வாய்தா தேதி நினைவிருக்கும், தலைக்கு மேலிருந்த கட்டடம் நினைவிருக்காது. நாமும் அந்த ரகம்தான். ஆண்டாளுக்குப் பூசை முடிந்தது என்று தெரிந்த பிறகே நாயக்கர் மதுரையில் சாப்பிடுவார் என்றும், சேதி தெரிவிக்க வழிநெடுக மண்டபம் கட்டி நகரா முழக்கினார்கள் என்றும் சொல்வார்கள். ஊரின் மறுபக்கம் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில். நாயக்கரின் வயிற்றுநோய் அங்கேதான் தீர்ந்தது என்பது அந்தக் கோயிலின் கதை. இவ்வளவையும் நின்று பார்க்க ஒரு பகல் வேண்டும். மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதை மட்டும் வருகிறவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் மறுபடி வர மாட்டார்.

இனி பால்கோவா. பாலும் சீனியும் தவிர மூன்றாவது பொருள் கிடையாது. பத்து லிட்டர் பாலை விறகடுப்பில் விடாமல் கிண்டினால் மூன்று கிலோவும் கொஞ்சமும் தேறும். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இந்த ஊர் வட்டாரத்தில் முறைப்படி செய்ததைத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்ற பெயரில் விற்கலாம். ஆனால் நடப்பது என்ன? எந்த ஊரிலோ, எதையோ கலந்து கிண்டி, நம் ஊர்ப் பெயரை அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். மொத்த வியாபாரத்தில் இருப்பதால் அந்தச் சரக்கு நம் கடைக்கும் வந்தது. கிலோவுக்குக் கணிசமான விலைக் குறைவு, கமிஷனும் அதிகம். இரண்டு பெட்டி எடுத்து வைத்தோம், பொய் சொல்லக் கூடாது. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வாயில் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, இது நம்ம ஊர்ச் சரக்கு இல்லியே" என்றார். அன்றோடு நிறுத்தினோம். விலை குறைவாகத் தருகிறோம் என்று வழிப்போக்கருக்கு அதை விற்றால் அவர் திரும்பி வந்து சண்டை போட மாட்டார். அவர் திரும்பியே வர மாட்டார், நஷ்டம் யாருடையது என்று சிட்டையில் தெரியாது.

ஊருக்கு மேற்கே மலை. 1988இல் அரசு சாம்பல் நிற அணில்களுக்கென்று இங்கே சரணாலயம் அறிவித்தது. சுமார் 485 சதுர கிலோமீட்டர். பிறகு 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. தமிழகத்தில் அது ஐந்தாவது, பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சாம்பல் அணில் தமிழகம், கேரளம், கர்நாடகத்தில் சில காடுகளிலும் இலங்கையிலும்தான் உண்டு. வெளிநாட்டிலிருந்து பணம் செலவழித்து வந்து பார்க்கிறார்கள். நம் கடைவீதியில் அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணலாம். செண்பகத்தோப்புக்குக் காலையில் போய், ஓடை ஓரத்துப் பெரிய மரங்களின் உச்சியில், கிளையும் கிளையும் கோத்துக்கொள்ளும் இடத்தில் சத்தமில்லாமல் பார்த்தால் கண்ணில் படும். அதற்கு மேலே காட்டழகர் கோயில் இருக்கிறது. இங்கெல்லாம் வனத்துறை அனுமதிக்கும் இடம்வரைதான் போகலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்வது நம் பொறுப்பு.

சதுரகிரிக்குக் கிருஷ்ணன்கோவிலில் பிரிந்து வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போக வேண்டும். அங்கிருந்து நடைதான். வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பசாமி என்று ஒவ்வொரு இடமாகக் கடந்து சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும். 2015 மே மாதம் ஓடைகளில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். அதன் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. மேலே மழை பெய்தால் கீழே வெயிலாக இருக்கும்போதே ஓடையில் தண்ணீர் பாய்ந்து வரும். வெளியூர்க்காரருக்கு இது தெரியாது.

இந்த மலையில் நமக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பிளாஸ்டிக் டம்ளரும் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும் மொத்தமாக எடுத்து அடிவாரக் கடைகளுக்கு அனுப்பியவர்களில் நாமும் ஒருவர். அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் வண்டி வண்டியாகப் போகும், நல்ல லாபம். ஒருமுறை நாமே குடும்பத்தோடு மலை ஏறினோம். சங்கிலிப் பாறைக்கு அருகே ஓடையில் கால் நனைக்க இறங்கினால் காலில் தட்டியது நாம் விற்ற டம்ளர். பெட்டியின் மேல் ஒட்டிய நம் கடைச் சீட்டோடு ஓர் அட்டைத் துண்டும் பாறை இடுக்கில் கிடந்தது. உடன் வந்த மருமகள் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. 2019 ஜனவரி 1 முதல் அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தபோது சங்கக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர்கள் பலர். இருப்பில் கிடந்த சரக்கை என்ன செய்வது என்ற அவர்கள் கேள்வியும் நியாயம்தான், நமக்கும் நஷ்டம் வந்தது. இருந்தாலும் நாம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

ராஜபாளையத்துக்கு வருவோம். விஜயநகரப் பகுதியிலிருந்து வந்த ராஜுக்கள் குடியேறி வளர்த்த ஊர், இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் பலர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பஞ்சும் நூலும் ஊரை வளர்த்தன. பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் மருத்துவத் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுப்போடப் போகிறது. முத்திரை வரையப்பட்ட அதே 1949இல் சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சரானவர் இந்த ஊர் பி.எஸ். குமாரசாமி ராஜா. 1952 வரை பதவியில் இருந்தார். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். ஊர் ஓரத்தில் சஞ்சீவி மலை. அனுமன் கொண்டுபோனதில் உதிர்ந்த துண்டு என்பார்கள், தமிழ்நாட்டில் இன்னும் சில ஊர்களும் அப்படிச் சொல்லிக்கொள்கின்றன. அய்யனார் கோயில் அருவிக்குப் போகிற வழியில்தான் ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். கோடையில் சப்பட்டை மாம்பழம். மாம்பழம் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம், ஆதலால் விடுகிறோம். வெள்ளை நிற ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால் தலை வெளியிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்.

சென்னையிலிருந்து வரும் பொதிகை விரைவு வண்டி விடியற்காலையில் இரண்டு ஊர்களிலும் நிற்கிறது. இறங்குகிறவருக்கு முகம் கழுவ ஒரு நல்ல இடம் நம் கடைவீதியில் இருக்கிறதா? பெண்கள் போகத் தகுந்த கழிப்பறை இருக்கிறதா? இதைச் சங்கத்தில் இரண்டு முறை எழுப்பினோம். நகராட்சி செய்ய வேண்டிய வேலை என்று தீர்மானம் எழுதி முடித்துவிட்டார்கள். நகராட்சி செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கழிப்பறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள மாதம் தலைக்கு எவ்வளவு ஆகும் என்று நம் கணக்கப்பிள்ளை போட்டுப் பார்த்தார். ஆயுத பூசைக்குப் பந்தல் போடும் செலவை விடக் குறைவு. கணக்குத் தாளை அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம்.

இதற்கிடையில் நாம் செய்தது ஒன்றுதான். கல்லாப் பெட்டிக்கு மேலே ஓர் அட்டையில் பேரனைக் கொண்டு பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறோம். வடபத்ரசாயி கோயில், நாயக்கர் அரண்மனை, செண்பகத்தோப்பு, சதுரகிரி, அய்யனார் கோயில் அருவி என்று ஒவ்வொன்றுக்கும் தூரம், எந்தப் பேருந்து, எப்போது போகக் கூடாது. போன வாரம் லோடு இறக்க வந்த நாமக்கல் லாரி டிரைவர் அதை நின்று முழுவதும் படித்தார். "இவ்வளவு இருக்கா? பதினைஞ்சு வருஷமா வந்துட்டுப் போறேன், ஒரு ஆள் சொல்லலையே அண்ணாச்சி" என்றார். அடுத்த நடைக்கு வீட்டாரையும் கூட்டி வருவதாகச் சொல்லி, அணிலைப் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். விடிந்ததும் போங்கள் என்றோம். "நீங்க எப்ப பார்த்தீங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. வரும் ஞாயிறு கடை விடுமுறை. கணக்கப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காலை ஐந்தரைக்குக் கிளம்புவதாக இருக்கிறோம்.